உப்புக்கடைத் தாத்தா

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயப்பாளையம் தாண்டினால் கோமுகி அணை. அதற்குமேல் பாதை வளைந்து வளைந்து ஏறும். காது அடைத்துக்கொள்ளும். அதுதான் கல்வராயன் மலை. ஏற்காடு மாதிரி பேர் வாங்கிய மலையல்ல. கூட்டமும் அவ்வளவாக இராது. போன கார்த்திகையில் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். "அருவி பார்க்கவா பாட்டி?" என்று கேட்டாள். அருவிக்காக இல்லையடி கண்ணு, என் தாத்தா கடை உப்பு ஏறிய மலை இது என்றேன்.

தாத்தா ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பரில் அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்டதும், லட்சக்கணக்கான நம்மவர்கள் காடும் மலையுமாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்களே, அதில் அவரும் ஒருவர். உடன் நடந்த கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவர் வழியில் காலரா கண்டு இறந்துபோனார். அவர் வீட்டில் சேதி சொல்ல வந்த தாத்தா, போக்கிடம் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். கச்சிராயப்பாளையத்தில் சின்னதாக ஒரு மளிகைக்கடை போட்டார்.

அந்த நாளில் மலை, சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதுவரை சரியான ரோடு ஏது? புளி, கடுக்காய், தேன் எல்லாவற்றையும் மலைவாசிகள் தலைச்சுமையாகவே இறக்கினார்கள். திரும்பும்போது அவர்களுக்கு முக்கியமாக வேண்டியது உப்பு. கையில் காசில்லாவிட்டாலும் தாத்தா உப்பு இல்லையென்று சொன்னதில்லை. இருட்டிவிட்டால் திண்ணையில் படுக்கை, வயிற்றுக்குக் கஞ்சி.

"நடந்து வர்றவன் பசி நடந்தவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

பக்தியென்றால் அப்படியொரு பக்தி. ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. வருஷம் தவறாமல் விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்துக்குச் செருப்பில்லாமல் நடந்து போவார். அங்கே புடவை கட்டிய மாதா, பெரியநாயகி. கோவில் கட்டியவர் இத்தாலியில் பிறந்து வந்து தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவர். "அவரும் என்னை மாதிரி வந்தேறிதானே" என்று தாத்தா சிரிப்பார்.

பாட்டிக்குத்தான் சிரிப்பு வராது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப்பானையில் போட வேண்டும். அது திண்ணைக் கஞ்சிக்கு. மாசக் கடைசியில் நம் பானை காலி, அந்தப் பானை பாதி நிறைந்திருக்கும். வயிறு எரியாதா? கடன் நோட்டு மட்டும் தடித்துக்கொண்டே போயிற்று. ஒரு வருஷம் ஃபீஸ் கட்டப் பணமில்லாமல் அம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அம்மாவுக்கு டீச்சராக ஆசை. அதை அவள் மறக்கவேயில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் பிடி அரிசி எடுக்கவே மாட்டேன் என்றிருந்தாள். தாத்தாவைப் புண்ணியவான் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அம்மா முகம்தான் தெரியும். 1981-ல் தாத்தா போனார். கூட்டம் கூட்டமாக மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அம்மா அழுதாள், ஆனால் நோட்டையும் தூக்கி அடுப்பில் போட்டாள்.

வெள்ளிமலையில் ஒரு பாட்டியம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கொடுத்தேன்.

"உப்புக்கடைக்காரரு பேத்தியா நீ?" முறம் அப்படியே நின்றது. "சின்னப்புள்ளையில எங்கப்பாகூட அந்தத் திண்ணையில படுத்திருக்கேன். ராத்திரியானா முட்டிபோட்டு மணி மணியா உருட்டுவாரு. நம்ம கடனைத்தான் எண்றாருன்னு எங்கப்பா பயந்துக்கும்!"

நான் சிரித்த சிரிப்பில் பேத்தி பயந்துவிட்டாள்.

ஒரு படி சாமையை என் பையில் கொட்டினார். காசு வாங்கவில்லை. "ஒங்கம்மாவுக்குக் குடு. பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு, குழையவிட்டு, கடைசியில மோர் ஊத்தணும். வயசானவங்களுக்கு லேசா எறங்கும்."

அம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. கடன் எண்ணிய கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. சாமையை முறத்தில் கொட்டிக் கல் பார்த்தாள். உலை கொதித்ததும் படியில் அளந்தாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, பக்கத்திலிருந்த காலி டப்பாவில் போட்டு மூடினாள்.

"யாருக்கும்மா?" என்றேன்.

"யாராவது வருவாங்க" என்றாள்.