யாரு சொன்னாங்க?

கூரைத் தகரம் ஓட்டை என்று தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி அம்மா கேட்டபோது, நான் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். இங்கிலீசில்தான் எழுத வேண்டுமாம். தமிழில் குடுத்தால் ஒப்பீஸில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது எங்கள் லயத்தின் நம்பிக்கை.

அரை நாள் உட்கார்ந்து எழுதினேன். கூரை சேதமாக்கப்பட்டுள்ளது, பல தடவை அறிவிக்கப்பட்டது, திருத்தித் தருவதாக உறுதியளிக்கப்பட்டது. வரிக்கு வரி ஒரு 'வாஸ்'. பெரிய மனுசன் எழுதின மாதிரியே இருந்தது!

பக்கத்துக் காம்பரா அக்கா கொழும்பில் வேலை செய்பவர், தீபாவளிக்கு வந்திருந்தார். வாசித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, திருத்தித் தாறோம்னு யாரு சொன்னாங்க?"

"தொரை."

"எப்ப?"

"மார்ச்சுல."

"அது எங்க இதுல?"

தமிழில் 'சொன்னாங்க' என்றாலே வசனம் முடிந்துவிடும். அந்த 'ஆங்க' யார் என்று கேட்காமலே காலத்தைக் கடத்தலாம். இங்கிலீசில் எழுவாய் இல்லாமல் வசனம் நிற்காது. ஆளைச் சொல்லப் பயமென்றால் பாசிவுக்குள் ஒளியலாம். நான் ஒளிந்திருந்தேன். இலக்கணம் தெரியாமல் இல்லை, தொரைக்குப் பயந்து.

பாசிவ் பிழை என்றில்லை. 'ஐ வாஸ் போர்ன்' என்று எழுதினால் "யாரு பெத்தா?" என்று எவரும் கேட்கப்போவதில்லை. செய்த ஆள் முக்கியம் என்கிற இடத்தில்தான் அது கைவிடும்.

'ஏ', 'தி' சங்கதியும் அக்காதான் விளங்கவைத்தார். 'ஏ ரூஃப்' ஏதோ ஒரு கூரை. 'தி ரூஃப்' நமக்கும் தொரைக்கும் தெரிந்த அந்தக் கூரை. அதனால் முதல் வரியிலேயே லய இலக்கம், காம்பரா இலக்கம். பிறகு எல்லா இடத்திலும் 'தி'. (ஹி, ஷி வந்தால் வினையோடு சேரும் 'எஸ்'ஸை நான் இப்பவும் மறப்பேன், விடுங்கள்.)

அன்றிரவு பழைய வரலாற்றுக் கொப்பியைப் புரட்டினேன். '1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது.' என் கையெழுத்துதான். யார் பறித்தது? டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது, நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை அப்போது அங்கே உறுப்பினர். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து மக்களைப் பற்றி இங்கிலீசில் எழுதியவர். பரீட்சைக்காக அந்த வரியை எத்தனை தடவை பாடமாக்கியிருப்பேன், ஒரு தடவைகூட 'யார்' என்று கேட்டதில்லை.

புதுக் கடிதம் ஐந்தே வரி. நீங்கள் மார்ச்சில் வந்து பார்த்தீர்கள். திருத்தித் தருவதாகச் சொன்னீர்கள். இன்னும் திருத்தவில்லை. 'யூ' என்று எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"'நீங்க'ன்னா எழுதியிருக்க?"

"வேற யாரும்மா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தகரம் இன்னும் வரவில்லை. ஒப்பீஸ் சீல் குத்தின பிரதி பிஸ்கட் டின்னில், ஒழுகாத மூலையில் இருக்கிறது.