மூச்சுக்கு மூன்று பேர் கவலை

மீஞ்சூர் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருடம் விறகு அடுப்பு ஊதியவர் அந்த அம்மா. களத்தில் நெல் தூற்றும் தூசியும் அவருக்குப் பழக்கம். நிலத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு மகனோடு கொடுங்கையூருக்கு வந்துவிட்டார். பரந்து கிடக்கும் அங்குள்ள குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் புகையும் நாள்களில், ஜன்னலைச் சாத்தினாலும் இருமல் நிற்காது.

ஊதச் சொல்லிப் பரிசோதித்த டாக்டர், ‘சி.ஓ.பி.டி.’ என்றார். அதாவது, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி குடிக்காதவருக்கு எப்படி வந்தது என்று மகனுக்கு ஆச்சர்யம். பல வருட விறகுப் புகையே அதற்குப் போதும்.

இந்த நோயை முழுதாகக் குணமாக்க முடியாது. கட்டுக்குள் வைக்கலாம். எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு விருப்பம். தினமும் இன்ஹேலர் இழுக்க வேண்டும், திணறல் முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் நிலை வரக் கூடாது என்றார் டாக்டர். அம்மாவோ, “பம்பு பழகினா விடாதாம், மாத்திரையே கொடுங்க” என்றார். வீட்டுக்கே ஆக்சிஜன் கொண்டுவரலாம் என்றார் மகன். இரவெல்லாம் கண் விழித்த மருமகளை யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்தும் மூச்சிரைப்பு குறையவில்லை. இந்த முறை டாக்டர் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. “எதைச் செய்ய முடியலைன்னு வருத்தமா இருக்கும்மா?” என்று கேட்டார்.

“மொட்டை மாடியில கீரை போட்டிருக்கேன். படியேறித் தண்ணி ஊத்த முடியல.”

மருமகளிடமும் கேட்டார். “ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினா போதும் டாக்டர்” என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது.

இன்ஹேலரை இழுத்துக் காட்டச் சொன்னபோதுதான் குறை தெரிந்தது. பவுடர் மருந்தை வேகமாக உறிஞ்சினால்தான் உள்ளே போகும். அம்மாவுக்கு அந்தத் தெம்பு இல்லை. நாசில் அடைத்த தெளிப்பானால் மருந்து அடித்த கதைதான். ‘ஸ்பேசர்’ குழாய் பொருத்திய பம்பு கொடுத்தார்கள். இழுத்த பின் பத்து வரை எண்ணி மூச்சை அடக்க வேண்டும், பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இது பழக்கமாகி அடிமைப்படுத்தும் மருந்து அல்ல என்றும் புரியவைத்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்குத்தான் வீட்டு ஆக்சிஜன். அதையும் தினம் 15 மணி நேரமாவது வைக்க வேண்டும். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

சளி நிறம் மாறினாலோ, மூச்சிரைப்பு கூடினாலோ உடனே வர வேண்டும், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் டாக்டர். அந்தத் தாள் இருக்கும் தைரியத்தில் மருமகள் தூங்கத் தொடங்கினார்.

நோய் போய்விடவில்லை. குப்பை புகைந்தால் இன்றும் இருமல்தான். ஆனால், மருமகள் குடத்தைத் தூக்கி வர, நடுப்படியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து, கீரைக்கு அம்மாவே தண்ணீர் ஊற்றுகிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் முன்பாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்பவரும் வாய் திறந்து பேசட்டும்.