ஈரக் கணக்கு

ஏப்ரல் 6, ஞாயிறு

விடியற்காலை மூன்றரைக்கு அல்லிக்கு மறுபடியும் வலிப்பு. தூங்கும்போதுதான் வருகிறது, பகலில் வந்ததே இல்லை. நகம் தரையில் பிறாண்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். ஒருக்களித்துச் சரிந்து கிடந்தாள். கழுத்து பின்னால் விறைத்திருந்தது. நான்கு காலும் சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தன. தலை மேசைக்காலில் இடிக்காமல் தலையணையை அண்டக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் செய்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. வாய்க்குள் கை விடக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அம்மா பீரோ சாவிக்கொத்தோடு வந்து நின்றாள்.

"நாய் வலிப்புக்கு இரும்பு என்னம்மா பண்ணும்?"

"கெடுதல் பண்ணாதுல்ல, இருக்கட்டும்" என்று அல்லியின் பாதத்தருகே வைத்தாள்.

இரண்டு நிமிடத்தில் அடங்கியது. அதற்குள் மூத்திரம் விரிப்பைத் தாண்டி டைல்ஸில் ஓடியிருந்தது, மலமும் கொஞ்சம். நினைவே இல்லாத நேரத்தில் தசைகள் தாமாக முறுக்கி விடுகின்றன, உள்ளே இருந்தது வெளியே வந்துவிடுகிறது. மூன்று மாதக் குட்டியிலேயே வாசல் கற்றுக்கொண்ட நாய் இவள். அந்தப் பழக்கத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எழுந்தவுடன் குளிப்பாட்டக் கிளம்பக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு அவளுக்குக் கண்ணும் தெரியாது, ஆளும் தெரியாது. வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டேன். ரப்பர் ஷீட்டைச் சுருட்டி பாத்ரூமில் போட்டேன். பிரசவ வார்டில் விரிப்பார்களே, அந்தச் சிவப்பு ஷீட்தான். மெடிக்கல் ஷாப்பில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டியை விரித்தால் அவளுக்கும் வழுக்காது, எனக்கும் துவைக்கச் சுலபம்.

ஏப்ரல் 7, திங்கள்

மாலையில் வந்து பார்த்தால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குட்டை. அம்மா வீட்டிலேதான் இருந்தாள், கதவும் திறந்துதான் கிடந்தது. "வாசப்பக்கம் போகவே இல்லடி. சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டே இருந்தா."

வலிப்பு ஓய்ந்தாலும் மூளைக்கு உடனே விடிந்துவிடுவதில்லை. சில நாய்களுக்கு ஓரிரு மணி நேரம், சில நாய்களுக்கு ஓரிரு நாள்கூடக் குழப்பம் நீடிக்கும். வாசலுக்குப் போக வேண்டும் என்பது அதுவரை அவளுக்கு ஞாபகம் வராது. ஆக, இன்றைய குட்டை நேற்றைய வகையைச் சேர்ந்ததல்ல. இதற்கு மருந்து கிடையாது. குட்டியாக இருந்தபோது செய்ததுபோல, கயிறு போட்டு இரண்டு மணிக்கொரு தரம் நாமே கூட்டிப்போக வேண்டும்.

ஒரு நோட்டு போட்டுவிட்டேன். நேரம், இடம், எவ்வளவு, விழிப்பிலா தூக்கத்திலா. கேஷ் கவுன்டரில் உட்கார்ந்து பழகியவளுக்குக் கணக்கு ஒத்துப்போகாமல் தூக்கம் வராது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவு குறைவாக இருந்ததால் டாக்டர் கார்டினால் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும். மருந்துக் கடைப் பையன் சீட்டைப் படித்துவிட்டு, "அல்லி, வயசு நாலு... பாப்பா எந்த ஸ்கூல் மேடம்?" என்றான்.

கார்டினாலில் இருப்பது பீனோபார்பிட்டால். 1912-இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்கிற டாக்டர் மனிதர்களின் வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து. நூறு வருஷம் தாண்டியும் நாய்களுக்கு இதுதான் முதல் மருந்தாக இருக்கிறது. ஆனால் சும்மா வேலை செய்யாது. பசியைக் கிளப்பும், தாகத்தைக் கிளப்பும், பின்னங்காலைத் தள்ளாடவைக்கும். சட்டியை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பினால் காலி. அப்புறம் ஹாலில் ஆறு. மஞ்சளே இல்லாமல், வெறும் தண்ணீராக, நாற்றம்கூட இல்லாமல்.

"தண்ணிய கொஞ்சமா வையேன்டி" என்றாள் அம்மா. எவரும் சொல்லக்கூடிய யோசனைதான், அதனாலேயே ஆபத்தானது. குடிப்பதால் மட்டும் போகிறதில்லை, நிறையப் போவதாலும் குடிக்கிறாள். இந்த வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வற்றிவிடும். சட்டியில் கை வைக்கக் கூடாது, வெளியே கூட்டிப்போவதைத்தான் கூட்ட வேண்டும். சில வாரங்களில் தள்ளாட்டம் குறையும் என்கிறார் டாக்டர். தாகத்தைப் பற்றி அப்படி உறுதி சொல்லவில்லை.

அம்மாவுக்கு இன்னொரு வாதமும் இருந்தது. "தப்புப் பண்ணிட்டோம்னு அவளுக்கே தெரியுது பாரு, தலைய எப்படித் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறா." 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தின்னாதே என்ற பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. வளர்ப்பவர் திட்டினால், ஒன்றும் செய்யாத நாயும் அப்படித்தான் நின்றது. அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப என் மொகத்தைப் பாத்துதான் பயப்படுதுங்கிற" என்றாள். இரண்டு நாளாக மாப் குச்சியைச் சுவரில் சாய்க்கும் சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்கிறது.

மே 3, சனி

நாளைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வீட்டுக்குள் நுழைந்தால் மூத்திர நாற்றம் மூக்கில் அடிக்கிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் ஒன்று என்னிடம் இருந்தது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அதைத் தரையோரம் பிடித்தேன். காய்ந்த மூத்திரம் வெளிறிய பச்சையாக ஒளிர்ந்தது. டைல்ஸ் சுத்தம். இடுக்குகளில் மட்டும் கோடு கோடாக, சோபாவுக்கு அடிவரை போயிருந்தது. சிமெண்ட் குடித்த மூத்திரத்தை மேலே துடைத்து என்ன பயன்?

பலரும் பினாயில் கட்சி. ஆனால் அதன் வாசம் நம் மூக்கை ஏமாற்றுமே தவிர நாயின் மூக்கை ஏமாற்றாது. போன இடத்துக்கே திரும்பப் போவாள். பிளீச்சிங் பவுடரைக் காயாத மூத்திரத்தின் மேல் கொட்டினால் கண்ணையும் மார்பையும் எரிக்கும் வாயு கிளம்பும். துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, என்சைம் திரவத்தை இடுக்குகளில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடுவதே வழி. நாற்றத்துக்குக் காரணமானதை அது சிதைத்துவிடுகிறது. விலைதான் கொஞ்சம் உறைக்கிறது.

மாடி வீட்டு மாமி கற்பூரத்தைப் பொடித்துத் தூவச் சொன்னார். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பையே வரவழைக்கும் பொருள். நாய் தரையை நக்கும், பாதத்தை நக்கும். "ஐயையோ, சாமிக்குக் காட்டுறதாச்சே" என்றார். சாமிக்குக் காட்டலாம் மாமி, இவளுக்கு வேண்டாம்.

மே 18, ஞாயிறு

நோட்டில் இந்த வாரம் புதிதாக ஒன்று தெரிகிறது. ஆறு இல்லை, பொட்டுப் பொட்டாக அடிக்கடி. வாசலில் குந்தினால் எழுந்திருக்கவே மனமில்லாமல் முக்குகிறாள், பிறகு நக்கிக்கொண்டே இருக்கிறாள். இது மாத்திரையின் வேலை போல இல்லை.

டாக்டர் காலை மூத்திரம் கேட்டார். பழைய குழிக்கரண்டியோடு அவள் பின்னால் தெருவில் நடந்தேன். குந்தும்போது நீட்டினால் எழுந்து திரும்பி என்னைப் பார்க்கிறாள். பேப்பர் போடும் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டான். ஒருவழியாகப் பிடித்தாயிற்று. சீழணுக்கள் நிறைய, கிருமித் தொற்று. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற நாய் என்பதற்காக எல்லா ஈரத்தையும் மாத்திரையின் தலையில் கட்டியிருந்தால் இது உள்ளேயே வளர்ந்திருக்கும். கரண்டி இனி சமையலறைக்குள் வரக் கூடாது என்று அம்மா உத்தரவு.

மே 31, சனி

தொற்று விட்டது. நேற்று ராத்திரி வலிப்பு வந்தது. பொட்டாசியம் புரோமைடும் சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். நாயின் உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் 24 நாள் ஆகுமாம், அதனால் முழு அளவுக்கு ஏறி நிற்க மூன்று நான்கு மாதம். சாப்பாட்டில் உப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வேகமாக வெளியே தள்ளிவிடும், வலிப்பு திரும்பும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஜன்னல் வழியாக நீட்டும் அப்பளத்துக்கு இன்றோடு தடை. இந்த மருந்தும் தாகத்தைக் கூட்டும் என்பதால் இன்னொரு ரப்பர் ஷீட் வாங்கிவிட்டேன்.

நோட்டைப் புரட்டினால் நடுவில் அம்மாவின் கையெழுத்து: "காலை 5.40. வாசல். நிறைய. விழிப்பில். நீ எழுந்திருக்கவில்லை."