முள்மரம் போட்ட சாப்பாடு

சீமைக் கருவேலம் என்றால் எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, ரப்பர் செருப்பையும் துளைத்துக்கொண்டு காலில் ஏறும் முள். இன்னொன்று, கரி மூட்டத்துப் புகை. நிலத்தடி நீரையெல்லாம் குடித்துவிடுகிறது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போன மரம் அது. அதன் காயை ஆடு தின்னும். மனுஷர் யாரும் அதை உலையில் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மரத்தின் பங்காளி ஒன்றை நம்பி ஒரு ஜனமே வாழ்ந்திருக்கிறது என்பது கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் பாம் ஸ்பிரிங்ஸ். வருஷத்துக்கு 5 அங்குலம் மழை பெய்தாலே பெரிது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். ஒரு மரத்தடியில் நின்று காயைக் கிள்ளிப் பார்த்தவர், "ஏத்தா, இது நம்ம ஊருக் கருவைதான?" என்றார்.

அது மெஸ்கீட். அந்தப் பள்ளத்தாக்கிலும் சுற்றியிருக்கும் மலைகளிலும் காலங்காலமாக வாழும் கவீயா மக்களின் சாப்பாட்டு மரம். பூவைச் சுட்ட கற்களோடு குழியில் வைத்து வாட்டி, உருண்டை பிடித்துத் தின்றார்கள். பச்சைக் காயை இடித்துச் சாறு எடுத்தார்கள். கோடையில் முற்றி உலர்ந்த காய்தான் முக்கியம். அதை உரலில் இடித்து மாவாக்கி, தண்ணீர் தெளித்து அடை மாதிரி தட்டிக் காயவைத்தால் வெகுநாள் தாங்கும். மிச்சக் காய்களைப் போட்டுவைக்கப் பெரிய பறவைக்கூடு போன்ற குதிர்களைக் குச்சிகளால் பின்னி, மேடை கட்டி அதன்மேல் ஏற்றினார்கள். நம் குலுக்கையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

மெஸ்கீட் மட்டுமல்ல. நம் ரயில் பாதையோரம் நிற்கும் கற்றாழையின் இனம் ஒன்று அங்கே மலைச்சரிவில் வளர்கிறது. அதன் குருத்துக் கட்டையைத் தோண்டி எடுத்து, குழியில் நாள்கணக்கில் மூடிச் சுடுவார்கள். நாரில் கயிறும் செருப்பும். கிரியோசோட் என்ற புதரின் இலையைக் கொதிக்கவைத்து நெஞ்சுச் சளிக்கு ஆவி பிடிப்பார்கள். அம்மாவுக்கு இதுதான் ரொம்பப் பிடித்துப்போனது, "நொச்சி மாதிரி" என்றார். (ஆன்லைனில் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். கல்லீரலுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.)

தண்ணீருக்கு மணலில் கையாலேயே கிணறு தோண்டினார்கள். மேலிருந்து இறைக்கிற கிணறு இல்லை. சரிவாகப் படி வெட்டி, இறங்கிப் போய்ப் பானையில் மொண்டு வரவேண்டும். மெஸ்கீட் அடர்ந்து நின்றால் அடியில் தண்ணீர் உண்டு என்று அர்த்தம். இந்த இனத்து மரத்தின் வேர் 150 அடிக்கும் கீழே போனது பதிவாகியிருக்கிறது.

1863-ல் வந்த பெரியம்மை அந்த ஜனத்தில் ஏராளமானவர்களைக் கொண்டுபோனது. அடுத்த பத்து, பதினைந்து வருஷத்தில் அரசாங்கம் நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் பிரித்து, ஒரு கட்டம் ரயில்வே கம்பெனிக்கு, ஒரு கட்டம் இவர்களுக்கு என்று ஒதுக்கியது. எந்தத் தோப்பில் எந்தக் குலத்தார் காய் பறிப்பது என்று அதுவரை அவர்களுக்குள் இருந்த கணக்கு, அந்தக் கோடுகளுக்குத் தெரியுமா?

அப்புறம் பம்பு செட்டுகள் வந்தன. பேரீச்சந்தோப்புகள் வந்தன, நூற்றுக்கு மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் வந்தன. நிலத்தடி நீர் இறங்க இறங்க, அதை எட்டிப்பிடிக்க முடியாத மெஸ்கீட் தோப்புகள் பல பட்டுப்போயின. எங்கள் ஊரில் மரம் தண்ணீரைக் குடித்தது என்று புகார். அங்கே மனுஷர் குடித்ததில் மரம் செத்தது. 2013-ல் கவீயா மக்களில் ஒரு பிரிவினரான அகுவா கலியென்ட்டே குழுவினர் தண்ணீர் வாரியங்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கென ஒதுக்கிய நிலத்தோடு நிலத்தடி நீரிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இத்தனை செடி விவரமும் நமக்குக் கிடைக்க முக்கியக் காரணம் ஒரு பெண். காத்ரின் சீவா சௌபெல், 1920-ல் பிறந்தவர். அவருடைய அம்மாவுக்கு மூலிகை வைத்தியம் தெரியும். பள்ளியில் படிக்கும்போதே செடிகளின் கவீயாப் பெயர்களையும் அவற்றின் பயனையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். பிறகு லோவெல் பீன் என்ற மானுடவியலாளரோடு சேர்ந்து, 1972-ல் 'தெமல்பாக்' என்ற புத்தகமாக்கினார். 200-க்கும் மேற்பட்ட செடிகள் அதில் இருக்கின்றன. பேனிங் ஊரருகே மால்கி அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 2011-ல் காலமானார்.

அந்த அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு செடித்தோட்டம் இருக்கிறது. புத்தகத்தின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள்.