விலை மூட்டில் இருக்கிறது

சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பேனாக்கத்திக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கலாமா? கத்திகள்மேல் எனக்குள்ள பிரியம் தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்தப் பணம் கத்தியின் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

என் கையில் அதிகம் புழங்குவது பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல் எட்டாம் எண் கத்தி. ஜோசப் ஒப்பினெல் 1890-ல் உருவாக்கிய வடிவம். பீச் மரப் பிடி, ஓர் அலகு, இரண்டையும் கோக்கும் ஓர் ஆணி. திருப்பினால் அலகைப் பூட்டும் உலோக வளையம் 1955-ல் சேர்ந்தது. அவ்வளவுதான் கத்தி. விலையும் மலிவு. அலகின் கனம் 2 மில்லிமீட்டரைக்கூட எட்டாது என்பதால் வெங்காயத்திலும் மாங்காயிலும் தடையில்லாமல் இறங்கும். கார்பன் எஃகு ஆகையால் புளிப்பு பட்டால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் துருவேறும். ஐப்பசி அடைமழையில் மரம் ஊறிக்கொண்டு, அலகைத் திறக்க நகம் நோகும். ஆனாலும் சாதாரணச் சாணைக்கல்லில் சற்று நேரம் தேய்த்தால் போதும், பழைய கூர் திரும்பிவிடும்.

மறுமுனையில் நிற்பது செபென்சா என்னும் மடக்குக்கத்தி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1989-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் வடிவமைத்தது. ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் தயாராகிறது. பெரிய அளவுக் கத்தி 400 டாலருக்கும் மேல். நண்பர் ஒருவருடைய பழைய செபென்சாவை இரவல் வாங்கி, வீட்டு வேலைக்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறேன். அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பதில் அதற்கு இணையில்லை. ஒப்பினெல் மழுங்கிப்போகும் வேலைக்குப் பிறகும் அது கூர் இழக்காமல் இருந்தது. ஆனால் ஆப்பிளை நறுக்கும்போது 3 மில்லிமீட்டர் கன அலகு பழத்தை ஆப்புபோலப் பிளந்தது. அதன் எஸ்30வி எஃகு 2001-ல் வந்தது. பொடியாக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது. அதில் 4 சதவீதம் வெனேடியம். அந்த வெனேடியம் உண்டாக்கும் கார்பைடு துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. கூர் நீடிப்பதும் அதனால்தான்; தீட்ட வைரத்தூள் பதித்த கல்லைத் தேட வேண்டியிருப்பதும் அதனால்தான்.

ஆக, வெட்டு என்பது அலகின் மெல்லிய வடிவத்தையும் தீட்டுகிற கையையும் பொறுத்தது. இரண்டும் மலிவாகவே கிடைக்கும். சமையலறையில் சில நூறு ரூபாய்க் கத்தி ஆண்டுக்கணக்கில் குறைவில்லாமல் உழைக்கவில்லையா? மடக்க வேண்டும் என்று வரும்போதுதான் செலவு தொடங்குகிறது. மடங்கும் கத்தி நடுவில் ஒடித்துச் சேர்த்த கத்தி. சேர்த்த இடம் ஆடக்கூடாது, இறுகவும் கூடாது. வேலையின் நடுவே விரல்மேல் மடங்கவே கூடாது. செபென்சாவின் டைட்டானியப் பிடியில் ஒரு பக்கத்தையே கீறி வில்லாக வளைத்திருக்கிறார்கள். அலகு திறந்ததும் அந்த வில் உள்ளே நகர்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். மூட்டில் வெண்கல வளையங்கள். அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும், நின்றபின் மயிரிழைகூட அசையாது. உரியவரே கழற்றித் துடைத்து, மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். இவ்வளவு துல்லியமாகக் கடைந்து, பொருத்தி, சரிபார்க்கும் மனிதர்களின் உழைப்புக்குத்தான் அந்த விலை.

அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். நாள் முழுக்கக் கத்தியைத் திறந்து மூடுகிறவர்களுக்கு, ஒரு கையில் கயிறோ கம்பியோ பிடித்தபடி மறுகையால் வெட்டவேண்டியவர்களுக்கு, அந்தப் பணம் தகும். நல்ல கைவேலையைத் தொட்டுப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கும் தகும்; அதுவும் நியாயமான ஆசைதான். மற்றவர்களுக்கு ஒப்பினெலோ, அதுபோன்ற எளிய கத்தியோ போதும். பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். லகியோல் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுக் கத்தியின் பெயரை, அது பிறந்த லகியோல் ஊரோடு தொடர்பே இல்லாத மலிவான கத்திகளும் தாங்கி வருகின்றன. வாங்கும்முன் திறந்து மூடிப் பாருங்கள், மூட்டை ஆட்டிப் பாருங்கள். எந்த விலையில் வாங்கினாலும் முதலில் ஒரு சாணைக்கல் வாங்கி, தீட்டப் பழகுங்கள். மழுங்கிய கத்தி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் வேலைக்கு உதவாது. கீறல் விழுமே என்று பயந்து பெட்டிக்குள் பூட்டி வைத்த கத்தியும் அப்படித்தான்.