திரையில் இறங்கலாம்... தரையில்?

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் முதலில் சொல்வது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான். எந்த வளைவில் தலை சுற்றியது, எந்த வளைவில் பஸ் திணறியது என்று கதை நீளும். ஒரு வளைவும் திரும்பாமல், கால்களைத் தொங்கப் போட்டபடி காற்றில் மிதந்தே அந்த மலையை ஏற இப்போது வழி இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் போதும்.

2024 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் உலகமே அடக்கம், நாமக்கல் மாவட்டமும்தான். அதில் ஜெட் விமானங்களோடு மோட்டார் பாராசூட்டும் உண்டு. சக்கரம் வைத்த ஒரு சின்ன வண்டி, முதுகில் பெரிய விசிறி, தலைக்கு மேலே துணிக் குடை. விடுமுறையில் பிள்ளைகள் இதில் உட்கார்ந்தால், சாயங்காலமே வசனம் வந்துவிடும்: "ரொம்ப ஈஸிப்பா... நிஜத்துலயும் ஓட்டிடுவேன்!"

அதில் பாதி உண்மை. நிஜத்திலும் இது எளிய வாகனம்தான். மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒரே சீராகப் போகும். எஞ்சினைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். வலது காலால் கம்பியை அழுத்தினால் வலப்பக்கம், இடது காலால் அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். இதையெல்லாம் சிமுலேட்டர் நன்றாகவே பழக்கிவிடும்.

மீதிப் பாதி, ஊஞ்சல் சமாசாரம். குடை மேலே, வண்டி கீழே, நடுவில் கயிறுகள். எஞ்சினைச் சட்டென்று கூட்டினால் வண்டி முன்னால் ஆடும், குடை பின்தங்கும். சட்டென்று குறைத்தால் வண்டி பின்னால் போகும், குடை முன்னால் பாயும். ஆட்டம் அடங்கச் சில விநாடிகள் பிடிக்கும். நாற்காலியில் இருப்பவர் இதைக் கண்ணால் பார்க்கிறார். பறப்பவருக்கோ அடிவயிறு சொல்லும். தரைக்கு 20 அடி உயரத்தில் அந்தச் சில விநாடிகள் முதுகெலும்பின் விஷயம்.

இறங்கும்போது எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு இரண்டு கால்களையும் ஒன்றாக அழுத்த வேண்டும். குடையின் பின்விளிம்பு கீழே மடங்கி, வேகம் தணியும். முந்திக்கொண்டால் வண்டி பொத்தென்று விழும். தாமதித்தால் வந்த வேகத்திலேயே மோதும். இறங்கிய பிறகும் குடையைச் சுருங்க வைக்காவிட்டால், காற்று வண்டியையே கவிழ்த்துவிடும். விளையாட்டில் அதற்குள் நாம் டீ குடிக்க எழுந்திருப்போம்.

இனி, கொல்லிமலைக்கே வருவோம். மலை உச்சி 1,000 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைவு. அதனால் எஞ்சின் சற்றுச் சோரும், இறங்கும் வேகம் சற்றுக் கூடும். இந்தக் கணக்கையெல்லாம் சிமுலேட்டர் போட்டுவிடும். ஆனால், சமவெளி சூடேறிய மதியத்தில் சரிவில் ஏறி வரும் காற்று, முகட்டைத் தாண்டியதும் எப்படிப் புரளும் என்பதை அப்படியே காட்டுவது கடினம். மேலிருந்து பச்சைப் பாயாகத் தெரிவது, கிட்டே போனால் படிப்படியாக வெட்டிய வயல். வரப்பும் கல்கட்டும் இருக்கும். மிளகுக்கொடி ஏறிய மரங்களும், வீடுகளுக்குப் போகும் மின்கம்பிகளும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் கம்பி தெரியாது.

எஞ்சின் நின்றால்? 300 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான் மிதக்க முடியும். கீழே காடும் பள்ளமும் என்றால் இறங்க இடமில்லை. திரையில் மறுபடி தொடங்க ஒரு பட்டன் இருக்கிறது.

மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கையில் இந்த வகைப் பறத்தலும் இடம்பெற்றிருக்கிறது. ஆசை இருந்தால் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்று, அனுமதியோடு பறக்கலாம்.

அதுவரை பிள்ளையைத் திட்டி கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே கேள்விகள் கேளுங்கள். "காத்து எந்தப் பக்கம் அடிக்குது? இப்போ எஞ்சின் நின்னா எங்கே இறங்குவே? அந்த இடத்துல கம்பி இருக்கா?" ஒவ்வொரு நிமிடமும் இதற்குப் பதில் வைத்திருக்கிற பிள்ளை, விளையாட்டிலேயே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.