அப்பாவும் நானும் ஓர் ஆஸ்கர் காலையும்

2023 மார்ச் 13, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கே எழுந்து, டி.வி சத்தத்தை நாலில் வைத்துக்கொண்டு ஆஸ்கர் விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் தூக்கம். முதுமலை பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' விருது வாங்கியது. 'நாட்டு நாட்டு' வாங்கியது. கீரவாணி மேடையேறி, நன்றியைப் பாட்டாகவே பாடினார். நான் தனியாகக் கைதட்டினேன், அதுவும் சத்தம் வராமல். கணவர் எழுந்து வந்து, "கிடைச்சிருச்சா? சூப்பர்" என்று சொல்லிவிட்டு டூத் பிரஷ்ஷோடு போய்விட்டார்.

அவ்வளவுதான். சூப்பராம்!

விருது விழாவைத் தனியாகப் பார்க்கக் கூடாதுங்க. பக்கத்தில் ஓர் எதிராளி வேண்டும். 'இதுக்கெல்லாமா அவார்டு?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். என் அப்பா.

எங்களுக்கு உத்தமபாளையம். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. பண்ணைப்புரம் பக்கத்தில்தான் என்பதால் இளையராஜாவை 'எங்க ஊர்க்காரர்' என்றுதான் சொல்வார். வாழ்க்கையில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அது வேறு விஷயம். வீட்டில் ஒரு மர அலமாரி நிறைய கேசட்டுகள். கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் நடையாய் நடந்து பதிவு செய்து வாங்கியவை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் படத்தின் பெயரும் வருஷமும் எழுதியிருக்கும்.

1992-ல் நான் பிளஸ் ஒன். 'ரோஜா' வந்தது. அந்தப் பாட்டுகளை முதல்முறை கேட்டபோது என்ன ஆனது என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. தோழி ஒருத்தி ஒரே ஒரு ராத்திரிக்கு கேசட்டை இரவல் கொடுத்தாள். புது கேசட் வாங்கக் காசில்லை. பதிவு செய்த கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது. அந்தக் காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அப்பா அப்படி உடைக்க மறந்த கேசட் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு பக்கம் 'உதிரிப்பூக்கள்', மறுபக்கம் 'ஜானி'.

'ஜானி' மேல் 'ரோஜா'வை ஏற்றிவிட்டேன்.

அப்பா அடிக்கவில்லை. பதினைந்து நாள் பேசவில்லை. பதினாறாம் நாள் காலை, பேப்பர் படித்தபடி, "அந்தப் பையன் ராஜா குழுவுல கீபோர்டு வாசிச்சவன்தான், தெரியுமா?" என்றார். சமாதானம் என்று நினைத்தேன். அது போர்ப் பிரகடனம் என்று பிறகுதான் புரிந்தது.

அடுத்த வருஷம் தேசிய விருது. 'தேவர் மகன்' ஒரு பக்கம், 'ரோஜா' ஒரு பக்கம். நடுவர்களின் ஓட்டு சமமாக நிற்க, குழுவின் தலைவர் பாலு மகேந்திரா தன் ஓட்டை 'ரோஜா'வுக்குப் போட்டார். இந்தக் கதை தெரியவந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஆறவே இல்லை. இளையராஜாவின் 100-வது படமே பாலு மகேந்திராவின் 'மூடுபனி'தானே! "சொந்த வீட்டு ஆளு ஓட்டை மாத்திப் போட்டா எப்படித்தா?" என்று, பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவர் மாதிரிப் புலம்புவார். நான் வேண்டுமென்றே 'ரோஜா'வை முணுமுணுப்பேன். அம்மா அரிசி களைந்தபடி, "ரெண்டு பேரும் விஸ்வநாதன்கிட்ட நிக்க முடியுமா?" என்று மூன்றாவது கட்சி தொடங்குவாள். எங்கள் வீட்டில் அன்பெல்லாம் இப்படிச் சண்டையாகத்தான் புழங்கியது.

2008 ஆகஸ்டில் அம்மா போய்விட்டாள்.

அப்பாவைச் சென்னைக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். கேசட்டுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "கேக்க என்ன இருக்கு?" என்றார். பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். ஒருநாள் வேண்டுமென்றே ரகுமான் பாட்டைச் சத்தமாக வைத்தேன். 'என்னத்தா இது, பாத்திரத்தை உருட்டுற மாதிரி' என்பார் என்று காத்திருந்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

2009 பிப்ரவரி 23, அதுவும் திங்கட்கிழமைதான். 'ஸ்லம்டாக் மில்லியனர்' பத்துப் பரிந்துரைகளோடு நின்றது. ரகுமான் பெயர் மட்டும் மூன்று இடத்தில். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஏழு மணிக்கு டி.வி முன்னால் உட்கார்ந்தேன். கணவரும் மகளும் கிளம்பிப் போனபிறகு அப்பா காபி டம்ளரோடு வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு அந்த வேக ஆங்கிலம் பிடிபடாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். கயிற்றில் நடக்கும் பிலிப் பெட்டி வந்து ஆஸ்கர் சிலையை முகவாயில் நிறுத்திக் காட்டியபோது லேசாகச் சிரித்தார். ஹீத் லெட்ஜருக்குப் பதிலாக அவர் அப்பாவும் அம்மாவும் அக்காவும் மேடைக்கு வந்தார்கள். "ஏன், பையன் வரலையா?" என்றார். இறந்துவிட்டார், வயது 28 என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் குடும்பம் இறங்கிப் போகும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரசூல் பூக்குட்டி விருது வாங்கியபோது, "மலையாளத்துப் பையனா? ஒலிக்கா? நல்லது" என்றார். ஆறு மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

பிறகு இசைக்கான விருது. ரகுமான் பெயரை வாசித்ததும் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். அப்பா அசையவில்லை. "என்ன சொல்றான்?" என்றார்.

"ரொம்பப் பயமா இருந்துச்சாம். கடைசியா இப்படிப் பயந்தது கல்யாணத்தப்பதானாம்."

"ம்."

"ஏதோ இந்திப் பட வசனம் சொல்றார்ப்பா. எங்கிட்ட அம்மா இருக்காங்கன்னு. அவங்க அம்மாவும் வந்திருக்காங்களாம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒன்பது வயதில் தகப்பனை இழந்த பிள்ளை, அம்மாவைச் சபையில் வைத்துச் சொல்கிற வார்த்தையை வேகமாக மொழிபெயர்த்துக் கடந்துவிட முடியவில்லை. மும்பை, சென்னை இசைக்கலைஞர்களுக்கு அவர் நன்றி சொன்னதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த வாக்கியம் வந்துவிட்டது. "எல்லாப் புகழும் இறைவனுக்கே."

அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இது எனக்கே புரியுது."

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அரை நிமிஷம் கழித்துச் சொன்னார்: "நீ பிளஸ் ஒன் படிக்கறப்பவே சொன்ன. இவங்களுக்கு இவ்வளவு வருஷமாச்சாக்கும்."

அந்த இரட்டை ஆஸ்கரைவிட எனக்கு அது பெரிய விருது. பதினேழு வருஷச் சண்டையில் அவர் இறங்கி வந்த ஒரே இடம். கொஞ்ச நேரத்தில் 'ஜெய் ஹோ' பாட்டுக்கும் விருது வந்தது. வெறுப்பா அன்பா என்று வந்தபோது அன்பைத் தேர்ந்தெடுத்ததாக ரகுமான் பேசி இறங்கினார். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஆனா பாட்டு சுமார்தான்."

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கும் அதே எண்ணம்தான். 'இருவர்', 'அலைபாயுதே', 'கன்னத்தில் முத்தமிட்டால்' எல்லாம் தந்தவரின் முதல் ஐம்பது பாட்டில் 'ஜெய் ஹோ'வுக்கு நான் இடம் தரமாட்டேன். அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா? "உங்களுக்கு என்னப்பா தெரியும், அந்த ரிதத்தைக் கேளுங்க" என்று எகிறினேன். "ரிதமா? ராஜா தபேலாவை வெச்சே உன் ஆளுக்குப் பாடம் எடுப்பாரு" என்றார். "அப்புறம் ஏன் ராஜாவை ஆஸ்கருக்குக் கூப்பிடல?" "வெள்ளைக்காரன் கூப்பிட்டாத்தான் பெரிய ஆளா? அவனுக்கு 'உதிரிப்பூக்கள்' தெரியுமா?" இதற்கு என்னிடம் பதிலில்லை. இப்போதும் இல்லை. ஆனாலும் கத்தினேன். அவரும் கத்தினார். பக்கத்து வீட்டு அம்மா மறுபடியும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விழா முடிந்து, டி.வி-யில் வேறு ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் இருக்கட்டும்த்தா. அன்னைக்கு மட்டும் பாலு மகேந்திரா அந்த ஓட்டை ஒழுங்காப் போட்டிருந்தா..." என்று அப்பா சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மணி பன்னிரண்டரை. குக்கர் இன்னும் அடுப்பில் ஏறவில்லை.